ஒன்றும் பூசாத முகம்

எங்கள் பக்கத்தில் வெளிக்கிடாமல் யாரும் படலையைத் தாண்டுவதில்லை. வெளிக்கிடுவது என்றால் குளித்து, உடுத்து, தலை சீவி, பவுடர் போட்டு, கண்ணாடியில் ஒருதரம் நின்று பார்த்துவிட்டு இறங்குவது. சந்திக் கடையில் தேங்காய் வாங்கப் போகிறவன்கூட அயன் பண்ணிய சேட்டைப் போட்டுக்கொண்டுதான் போவான். மாமாங்கக் கோயில் தீர்த்தத்துக்கு அமிர்தகழிக்குப் போகும் சனத்தைப் பார்த்தால், அந்த வெயிலில் எப்படி இவ்வளவு பட்டுத்துணியையும் உடம்பில் தாங்குகிறார்கள் என்று வெளியூர்க்காரர் கேட்பார்கள். எங்களுக்கு அது கேள்வியே இல்லை.

வடிவாக இருப்பது ஒரு பெருமை. அதற்காக ஒன்றும் செய்யவில்லை என்று சொல்வது அதைவிடப் பெரிய பெருமை. நானே தலைக்கும் மீசைக்கும் கறுப்பு டை பூசுகிறேன். வேலை செய்யும் கந்தோரில் யாராவது, "சேர், உங்களுக்கு இன்னும் ஒரு நரையும் விழல்லையே" என்றால், "எங்கட குடும்பத்தில நரை பிந்தித்தான் வரும்" என்பேன். கேட்டவரும் டை பூசுகிறவர்தான். இரண்டு பேரும் அதற்கு மேல் பேசமாட்டோம்.

முன்பென்றால் இதையெல்லாம் சிரித்துக்கொண்டு எழுதியிருப்பேன்.

போன வருடம் என் மகளுக்குக் கலியாணம் பேசி முற்றானது. அவள் எங்களுக்கு ஒரே பிள்ளை. செட்டிபாளையத்துக்கு அடுத்த ஊரில் ஒரு தனியார் வகுப்பில் ஆங்கிலம் படிப்பிக்கிறாள். பொது நிறம்; கறுப்புமில்லை, வெள்ளையுமில்லை. மாப்பிள்ளை வாழைச்சேனைப் பக்கம். அவர்கள் வீட்டில் எல்லோரும் சிவந்த ஆட்கள். பேச்சுக்கால் நடந்தபோது நிறத்தைப் பற்றி அவர்கள் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சொல்லாததே என் மனைவிக்கும் மகளுக்கும் கவலைப்படப் போதுமானதாக இருந்தது என்று இப்போது நினைக்கிறேன்.

கொஞ்சக் காலத்தில் மகள் வெளுக்கத் தொடங்கினாள். எனக்கு அது முதலில் தெரியவில்லை. தினம் பார்க்கிற முகம். என் மனைவியின் அக்கா ஒருநாள் வந்து வாசலிலேயே நின்றுவிட்டாள்.

"என்னகா இது, புள்ள பால் மாதிரி வந்திட்டாள். என்னத்தப் போடுறாய்?"

"ஒண்டும் போடல்ல பெரியம்மா. தண்ணி கூடக் குடிக்கிறன்."

"தண்ணி குடிச்சு இந்த நிறம் வருமெண்டா, வாவிக்குள்ள கிடக்கிற எருமையெல்லாம் கொக்கு மாதிரி நிக்கோணும்."

எல்லோரும் சிரித்தோம். நான்தான் எல்லோரையும்விடக் கூடச் சிரித்தேன். என் பிள்ளையை ஒருவர் வடிவு என்று சொன்னால் எனக்கு உள்ளுக்குள் ஏதோ குளிரும். கந்தோரில் ஒருவரிடம், மகளுக்கு நாளுக்கு நாள் கலியாணக் களை ஏறுகிறது என்று நானாகவே போய்ச் சொன்னேன்.

பிறகு கன்னம் நிரம்பியது. அதுவரை மெலிந்த பிள்ளை. கழுத்தெலும்பு தெரிகிறது, தாலிக்கொடி கட்டினால் எடுக்காது, வடிவாகத் தெரியாது என்று மனைவி கவலைப்பட்டுக்கொண்டிருந்தவள். இப்போது அவளுக்குப் பெரிய சந்தோசம். பார்க்கிறவர்கள் எல்லோரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "புள்ள நல்லாப் பூசினாப்போல இருக்கு." சட்டை தைக்கிற பெண் அளவை இரண்டாவது தரம் எடுத்துவிட்டு, "இனி ஏறாத புள்ள, துணி காணாது" என்று பகிடி விட்டாள். காலையில் எழும்பும்போது மகளின் கண்ணிமைகள் தடித்திருக்கும். நித்திரை கூடிப்போச்சு என்றோம். நிச்சய மோதிரம் இறுகியது. சதை போடுகிறாள் என்றோம்.

ஒரு வீக்கத்தை மாதக்கணக்காக வடிவு என்று புகழ்ந்துகொண்டிருந்தோம்.

அவள் களைத்துப்போகத் தொடங்கியபோது மனைவி கண்ணூறு என்றாள். இவ்வளவு பேர் பார்த்து இவ்வளவு சொன்னால் படாமல் என்ன செய்யும்? செத்தல் மிளகாயும் உப்பும் சுற்றி அடுப்பில் போட்டாள். புகை எழும்பியும் ஒருவருக்கும் இருமல் வரவில்லை. "பாத்தீங்களா, எவ்வளவு கண்ணூறு" என்றாள். கண்ணூறு இல்லாவிட்டால் மிளகாய் கமறும் என்பது எங்கள் கணக்கு.

ஒரு பின்னேரம் மகள் வகுப்பு முடிந்து வந்து விறாந்தைப் படியில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றினாள். செருப்பின் வார் கிடந்த இடம் காலில் பள்ளமாகக் கிடந்தது. அவள் உள்ளே போய், உடுப்பு மாற்றி, தேத்தண்ணி குடித்து, திரும்பி வந்தாள். அந்தப் பள்ளம் அப்படியே கிடந்தது. எனக்குச் சீனி வருத்தம், நீரிழிவு. கிளினிக்குக்குப் போய் வருகிறவன். கால் வீங்கினால் என்ன என்று அங்கே உட்கார்ந்திருக்கிறவர்கள் கதைப்பதைக் கேட்டிருக்கிறேன்.

"மகள், இது எவ்வளவு நாளா இப்பிடி?"

"நிண்டு படிப்பிக்கிறதுதானேப்பா. இரவு படுத்தா வத்திரும்."

"காலையில முகத்துக்கு ஏறுதா?"

அவள் காலை உடுப்புக்குள் இழுத்து மறைத்தாள். அவளும் அதைக் கவனித்திருக்கிறாள் என்று அப்போது விளங்கியது.

அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிட்டோம். அதற்கும் வெளிக்கிட்டோம். மகள் இளம் ரோஸ் நிறச் சுடிதார் போட்டு, பொட்டு வைத்து, காதுக்குச் சின்னத் தொங்கட்டான் போட்டிருந்தாள். வரிசையில் நின்ற ஒரு கிழவர், "ஆரைப் பாக்க வந்த நீங்க, வார்ட் அந்தப் பக்கம்" என்று வழி காட்டினார். நோயாளி என்று அவருக்குத் தெரியவில்லை.

டொக்டர் ஒரு பெண்; தாய்மொழியாக இல்லாமல் படித்துப் பழகிய தமிழ் பேசினார். மகளின் கணுக்காலுக்கு மேலே பெருவிரலால் அமத்திவிட்டு எடுத்தார். மாவில் அமத்தியதுபோல் குழி நின்றது. அன்றே வார்ட்டில் போட்டார்கள். சலத்தில், சிறுநீரில், புரதம் போகிறது, சிறுநீரகம் வடிகட்டுகிற வேலையைச் சரியாகச் செய்யவில்லை, ஏன் என்றுதான் தேட வேண்டும் என்றார். பிறகு கட்டிலருகே நின்று ஒவ்வொன்றாகக் கேட்டார். வலிக்குக் குளிசை போடுவதுண்டா? நாட்டு மருந்து? உடம்பு மெலியவோ பெருக்கவோ ஏதாவது?

"முகத்துக்குக் கிரீம் ஏதும் பூசுறதா?"

"ஒண்டும் போடுறதில்ல" என்றாள் மகள்.

டொக்டர் அவளுடைய முகத்தையும், போர்வைக்கு மேலே கிடந்த கைகளையும் மாறி மாறிப் பார்த்தார். "நல்ல நிறமா இருக்கிறீங்க. அதனாலதான் கேட்டன்."

"அவவுக்குச் சின்னனிலயிருந்தே இப்பிடித்தான்" என்றாள் மனைவி.

"எங்கட பரம்பரை நிறம்" என்று நானும் சேர்ந்தேன். எனக்கு உண்மையில் ஒன்றும் தெரியாது. ஆனால் தெரிந்தவனைப் போலச் சொன்னேன். எங்களிடம் யார் கேட்டாலும் அந்தக் கேள்விக்கு வேறு பதில் இல்லை. கேட்பவர் டொக்டர் என்பதும், கேள்வி வடிவைப் பற்றியது அல்ல என்பதும் எங்கள் மூன்று பேருக்கும் அந்த இடத்தில் உறைக்கவில்லை.

நாட்கள் போயின. இரத்தம் எடுத்தார்கள், சலம் எடுத்தார்கள், ஸ்கேன் செய்தார்கள். காரணம் பிடிபடவில்லை. வீக்கம் இடுப்புக்கு ஏறியது. மனைவி மகளோடு வார்ட்டில் நின்றாள். நான் வீட்டுக்கும் ஆஸ்பத்திரிக்குமாக மோட்டார் சைக்கிளில் ஓடினேன். வார்ட்டுக்குப் போகும் வழியில் இரத்தம் சுத்திகரிக்கிற அறை இருந்தது. வாங்கில் வரிசையாக உட்கார்ந்திருந்தவர்களில் ஒரு வாலிபனின் கை நரம்பு கயிறுபோல் புடைத்துக் கிடந்தது. மகளை அந்த வாங்கில் மனதுக்குள் வைத்துப் பார்த்துவிட்டேன். பிறகு அந்த வழியாகப் போகாமல் மறுபக்கத்துப் படியால் சுற்றிப் போனேன். சிறுநீரகம் கொடுப்பதென்றால் நான் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்தது. சீனி வருத்தக்காரனிடம் எடுக்கமாட்டார்கள் என்று அடுத்த யோசனை வந்தது. அன்று சாப்பிட முடியவில்லை.

கடைசியில், முதுகுப் பக்கத்தால் ஊசி குத்திச் சிறுநீரகத்தில் சதை எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார்கள். அதற்கு முதல் நாள் மாப்பிள்ளையின் தாய் மகளைப் பார்க்க வருவதாகச் சொல்லியனுப்பினார். காலையில் மகள் எனக்குப் போன் எடுத்தாள்.

"அப்பா, மாமி வாறாவாம். அந்த நீலச் சட்டையும், கைக் கண்ணாடியும், பொட்டும் கொண்டு வாங்க."

"சரி மகள்."

"மறுகா இன்னொண்டு, அலுமாரியில மேல்தட்டில, சாரிகளுக்குப் பின்னால ஒரு சின்ன டப்பா கிடக்கு. பச்சை மூடி. அதையும் கொண்டு வாங்க. மாமி வாறதுக்கு முதல் வாங்கப்பா."

சாரிகளைத் தள்ளிவிட்டுக் கையை விட்டேன். தட்டுப்பட்டது. பெயரும் இல்லை, எழுத்தும் இல்லை. மூடியைத் திறந்தேன். சாம்பல் கலந்த வெள்ளையாக, மீன் செதில்போல ஒரு மினுக்கம். பாதிக்கு மேல் முடிந்திருந்தது. பெண்பிள்ளைகளின் சாமான் என்று நினைத்துச் சேட்டுப் பொக்கற்றில் போட்டுக்கொண்டு புறப்பட்டேன்.

ஆரையம்பதி தாண்டும்வரை எனக்கு ஒன்றும் தோன்றவில்லை. காத்தான்குடித் தெருவில், நடுவே நிற்கும் பேரீச்சை மரங்களுக்குப் பக்கத்தில் வாகனங்கள் நெரிந்து நின்றன. அப்போதுதான் ஒரு கேள்வி வந்தது. கண்ணாடி மேசையில் இருக்க வேண்டிய சாமானை ஏன் சாரிகளுக்குப் பின்னால் வைக்க வேண்டும்? அதோடு டொக்டரின் குரலும் வந்தது. முகத்துக்குக் கிரீம் ஏதும் பூசுறதா?

பின்னால் நின்ற வான்காரன் ஹோர்ன் அடித்தான். "என்ன காக்கா, போங்களன்" என்று, அந்தப் பக்கத்தில் அண்ணனைக் கூப்பிடுகிறபடி கத்தினான். மோட்டார் சைக்கிளை ஓரத்தில் உருட்டி நிறுத்திவிட்டு, பொக்கற்றைத் தொட்டுப் பார்த்தேன். நெஞ்சுக்கு நேரே கிடந்தது. கல்லடிப் பாலத்தை எப்படிக் கடந்தேன் என்று நினைவில்லை.

நான் போனபோது மாப்பிள்ளையின் தாய், எங்கள் சம்மந்தி, முந்திவிட்டார். கரை வைத்த நல்ல சாரி உடுத்து, கட்டிலருகே கதிரையில் இருந்தார். மகள் சால்வையை இழுத்துப் பாதி முகத்தை மூடியிருந்தாள். என்னைக் கண்டதும், கொண்டு வந்தீர்களா என்று கண்ணால் கேட்டாள். மனைவியும் அதே பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையில், இவளுக்கும் தெரியும் என்று எனக்கு விளங்கியது.

டொக்டர் அந்த நேரம் நாளைய ஊசியைப் பற்றிச் சொல்ல வந்திருந்தார். சொல்லி முடித்துவிட்டு அடுத்த கட்டிலுக்குத் திரும்பினார். நான் டொக்டரைத் தனியே கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாமே என்று மனைவி இன்றும் சொல்கிறாள். சரிதான். பயந்தவனுக்கு அந்த யோசனை வராது.

"டொக்டர்," என்றேன். என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. பொக்கற்றில் இருந்ததை எடுத்து நீட்டினேன். "மகள் இதைப் பூசுறா."

"அது என்ட" என்று மனைவி எழும்பினாள். "எனக்குத்தான் டொக்டர். முகத்தில மங்கு கிடக்கு, அதுக்கு."

டொக்டர் டப்பாவை வாங்கிக்கொண்டு அவளிடம் திரும்பினார். "அப்ப உங்களையும் செக் பண்ண வேணும் அம்மா."

மகள் சால்வையை விட்டாள். "நானும்தான் பூசுறன். ரெண்டு பேரும் ஒரே டப்பாதான்."

"எவ்வளவு காலமா?"

"கலியாணம் முற்றானதிலயிருந்து."

"ஏன் முதல் கேக்கக்குள்ள சொல்லயில்ல?"

மகள் சம்மந்தியைப் பார்க்காமல் சுவரைப் பார்த்தாள். "ஆரும் சொல்றதில்லையே டொக்டர்" என்றாள்.

டொக்டர் மூடியைத் திறந்து பார்த்துவிட்டு, எங்கே வாங்கியது என்று கேட்டார். மணப்பெண் அலங்காரம் செய்கிற ஒருத்தி தந்தது, அவள் எல்லோருக்கும் கொடுக்கிறாள் என்றாள் மனைவி. இப்படிப் பெயரில்லாத கிரீம்களில் பாதரசம் இருக்கிறது, தோலால் உள்ளே போய்ச் சிறுநீரகத்தில் தங்கும், ஆய்வுக்கு அனுப்பினால்தான் உறுதியாகச் சொல்லலாம், ஆனால் இன்றிலிருந்து ஒரு துளியும் படக்கூடாது என்றார். டப்பாவை ஒரு பைக்குள் போட்டுக் கட்டிக் கொண்டுபோனார்.

சம்மந்தி என்ன சொல்லப்போகிறார் என்று காத்திருந்தேன். வெள்ளைப் பெட்டை என்று காட்டித்தானே தந்தீர்கள் என்று கேட்பார். அல்லது நோயாளிப் பெட்டையைக் கட்டி நாங்கள் என்ன செய்வது என்பார். அவரோ கைப்பையை எடுத்துக்கொண்டு விறாந்தைக்குப் போனார். மகனுக்குப் போன் எடுத்து எல்லாவற்றையும் முறிக்கப்போகிறார் என்று நினைத்துப் பின்னால் போனேன். என்ன சொல்லி நிறுத்துவது என்று எனக்குத் தெரியாது. தூணுக்கு அப்பால் அவருடைய குரல் கேட்டது; மகனிடம் அல்ல, தன் மகளிடம்.

"மகள், எங்க நிக்கிறாய்? ... அதை விடு. கால் ஏதும் வீங்குதா? ... செருப்பைக் கழட்டிப் பார். பெருவிரலால அமத்திப் பார் ... ஒண்டும் போடுறதில்ல எண்டு என்னட்டச் சொல்லாத. நான்தானே வாங்கித் தந்தனான்."

திரும்பியபோது என்னைக் கண்டார். வேர்வையில் அவருடைய பவுடர் கோடு கோடாக வழிந்திருந்தது. அதைத் துடைக்கவும் அவருக்குத் தோன்றவில்லை.

"அண்ணன், டொக்டர் போயிட்டாவா?" என்று கேட்டார்.

ஊசி குத்திச் சதை எடுத்துத்தான் பார்த்தார்கள். கிரீமில் பாதரசம் இருந்தது உறுதியானது. கிரீமை விட்டால் சிறுநீரகம் பெரும்பாலும் மெல்ல மெல்லப் பழைய நிலைக்குத் திரும்பும், சிலருக்குத் திரும்புவதில்லை, பொறுத்திருந்து பார்ப்போம் என்றார் டொக்டர். சிலருக்குத் திரும்புவதில்லை என்றதை நான் வீட்டில் ஒருவருக்கும் சொல்லவில்லை. மனைவிக்கு ஒன்றும் இல்லை. அவள் கொஞ்சமாகப் பூசினவள், மிச்சத்தைப் பிள்ளைக்கு விட்டவள். அதைச் சொல்லி அவள் அழுவாள். மாப்பிள்ளையின் தங்கையையும் பார்த்தார்கள், அவளுக்குத் தொடக்கம்தான். கலியாணத்தைத் தள்ளி வைத்தோம். காரணம் கேட்டவர்களுக்கு இரண்டு வீட்டாரும் ஒரே பதில்தான் சொன்னோம்: நல்ல நாள் கிடைக்கவில்லை.

மகளுக்குக் கொடுத்த குளிசையால் முகம் வட்டமாக ஊதியது. அதைப் பார்த்தும் ஒருத்தி, இப்போதுதான் பிள்ளை பார்க்க நல்லாயிருக்கு என்றாள். எனக்குக் கோபம்கூட வரவில்லை, பயம்தான் வந்தது. பிறகு ஊதல் வற்றியது, நிறமும் இறங்கியது. முதல் இருந்ததைவிட ஒரு படி கூடக் கறுத்தாள். "என்னகா, வெயிலுக்குள்ள திரியிறியா?" என்று தெருவில் கேட்கிறார்கள்.

நான் தெரிந்த வீடுகளுக்கெல்லாம் போய் நடந்ததைச் சொல்லத் தொடங்கினேன். கந்தோரில் ஒருவர் கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டார்: "சேர், அது பச்சை மூடியா, சிவப்பு மூடியா?" பச்சை என்றேன். "அப்ப பரவாயில்ல, எங்கட வீட்டில சிவப்பு" என்று மூச்சு விட்டார். சிவப்பும் அதேதான் என்று நான் சொல்லச் சொல்ல, வீட்டில் ஒருவரும் அப்படி ஒன்றும் பூசுவதில்லை என்று அவர் கதையை மாற்றிவிட்டார். அலங்காரக்காரியிடம் மனைவி போனாள். தானும் அதைத்தான் பூசுவதாகவும், இனி விற்கமாட்டேன் என்றும் அவள் சொன்னாளாம். நான் இப்போது கலியாண வீடுகளில் பெண்பிள்ளைகளின் கால்களைப் பார்த்துக்கொண்டு இருக்கிறேன். ஒரு கிழவன் இப்படிப் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்று தெரியும். பார்க்காமல் இருக்க முடியவில்லை.

போன கிளினிக்கில் புரதம் நன்றாகக் குறைந்திருந்தது. கலியாணத்துக்கு நாள் வைக்கலாம் என்றார் டொக்டர். வெளியே வந்ததும் மகள், வீட்டுக்குப் போக முதல் பட்டணத்தில் கலியாணக் கூறைச்சாரியைப் பார்த்துவிட்டுப் போவோம் என்றாள். மனைவி உடனே தலைமயிரைச் சரி செய்துகொண்டாள்.

கடையில் ஒரு நடுத்தர வயதுப் பெண் சாரிகளை விரித்துக் காட்டினாள். நல்ல மனுசி. மகள் அரக்கு நிறத்தில் மஞ்சள் கரை வைத்த ஒன்றை எடுத்துத் தோளில் போட்டு, பெரிய கண்ணாடிக்கு முன்னால் நின்றாள். அந்தப் பெண் தலையைச் சரித்துப் பார்த்தாள்.

"தங்கச்சி, இது வெள்ளை ஆக்களுக்குத்தான் எடுக்கும். உங்கட நிறத்துக்கு வேற காட்டட்டா?"

மனைவி என் கையைப் பிடித்தாள். மகள் கண்ணாடியைப் பார்த்தபடியே நின்றாள். நான் அவளைப் பார்க்கவில்லை, கண்ணாடிக்குள் இருந்த முகத்தைத்தான் பார்த்தேன். அது என்ன நினைக்கிறது என்று எனக்குத் தெரியவில்லை. இருபத்தாறு வருடம் பார்த்த முகம்.

"இல்ல, இது எடுக்கும்" என்றாள் கடைசியில். "இதையே மடிச்சு வைங்க அக்கா."

சொல்லிவிட்டு, சாரியைத் தோளிலிருந்து இறக்க முதல், இன்னும் ஒருதரம் கண்ணாடிக்குக் கிட்டப் போய்ப் பார்த்தாள்.